உப்பில்லா உலை

போன மாதம் குளுவாங் டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் என் மார்பிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். பிறகு குனிந்து என் கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அந்த அமுக்கலில் நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஏன் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

"அம்மா, உங்க நெஞ்சு ரொம்ப நல்லா இருக்கு லா. இந்த வயசுல பிரஷர் இல்ல, வீக்கம் இல்ல. அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?"

"எல்லாரும் சாப்பிடுறதுதான் ஐயா. உப்பு மட்டும் சேக்கிறதில்ல."

"நல்ல பழக்கம். யாரு சொல்லிக் குடுத்தா?"

"அந்தக் காலத்துல தோட்டத்து டிரசர் சொன்னாரு. ஆனா எனக்குச் சொல்லல."

அவர் சிரித்துவிட்டு எதையோ எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எந்த நெஞ்சுக்காக அந்தப் பழக்கத்தைப் பிடித்தேனோ அது நின்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. துணைக்குச் சாப்பிட்ட என் நெஞ்சு மட்டும் நன்றாக அடித்துக்கொண்டிருக்கிறதாம். இதற்கு ஒரு டாக்டர் பாராட்டு வேறு.

அப்போது நாங்கள் லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரத் தோட்டத்தில் இருந்தோம். ரயில் போகும் சத்தம், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் கேட்கும். என் வீட்டுக்காரர் பால் மரம் வெட்டுகிறவர். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு மலைச்சரிவு மரங்களுக்குப் போவார். நான் அதே சரிவுக்குக் கீழே வெட்டினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு இருந்த ஒரே இரத்த சொந்தம் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி. தாய் தகப்பன் காய்ச்சலில் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளும் புருஷனை இழந்தவள். எங்கள் லயத்திலேயே கடைசி வீட்டில் தனியாக இருந்தாள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவர் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சாப்பாடு என்றால் அப்படி ஒரு ஆசை. அதைவிடப் பெரிய வியாதி, யார் வீட்டில் கூப்பிட்டாலும் கை நனைக்காமல் வரமாட்டார். "வேணாம்னு சொன்னா மனசு நோகும் புள்ள" என்பார். அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று இரண்டு வீட்டில் சாப்பிட்டு மூன்றாவது வீட்டில் மோர் குடித்துவிட்டு வருகிற ஆள். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் சைக்கிளில் கருவாடு கொண்டுவருவார். மணிச் சத்தம் கேட்டதும் தோட்டத்தில் முதலில் செம்மண் பாதையான சடக்குக்கு ஓடுகிற ஆள் இவர்தான். பழைய சோற்றில் ஒரு கை உப்பு, சுட்ட கருவாடு, பச்சை மிளகாய் இருந்தால் போதும், துரை வீட்டு விருந்து அவருக்குத் தேவையில்லை.

முதலில் மூச்சுதான் வாங்கியது. சரிவில் பாதியில் நின்று மரத்தைப் பிடித்துக்கொள்வார். கேட்டால், "மரத்துல எறும்பு போவுது, பாக்கிறேன்" என்பார். பிறகு அரைஞாண் கயிறு இடுப்பில் பதிய ஆரம்பித்தது. பிறகு கால் வீங்கியது. சாயங்காலம் கணுக்கால் எங்கே என்று தேட வேண்டும். படுத்தால் இருமல் வந்து எழுந்து உட்கார்ந்துகொள்வார். அரிசி மூட்டையில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டார்.

நான்தான் திட்டித் தீர்த்து டிரசரிடம் இழுத்துக்கொண்டு போனேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் அவர். பொறுமையான மனிதர். என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்து, உட்கார வைத்து, நெடுநேரம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கி எடுத்தார். அங்கே ஒரு குழி விழுந்தது. பிசைந்த மாவில் விரல் பட்ட மாதிரி அந்தக் குழி அப்படியே நின்றது.

"இந்தாம்மா, நல்லா பாத்துக்க" என்றார் என்னிடம். "கெணத்துல தண்ணி எறைக்கிறவன் களைச்சுப் போனா தண்ணி தேங்கிடும்ல, அது மாதிரி இவரு நெஞ்சு களைச்சுப் போச்சு. தண்ணி காலுல தேங்குது. உப்பு தின்னா அது இன்னும் தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். மருந்து நான் தரேன். ஆனா மருந்து பாதிதான். மீதி உன் அடுப்புல இருக்கு. உப்பு ஆகாது. கருவாடு ஆகாது, ஊறுகாய் ஆகாது. கள்ளும் பொகையிலையும் இன்னையோட சரி. சரிவு ஏறக் கூடாது, சமதரையில மெதுவா நடக்கட்டும். தினமும் இப்படி அமுக்கிப் பாரு. குழி சீக்கிரம் நெறைஞ்சா பொழைச்சுக்குவாரு."

"நெறையலைன்னா?"

அவர் புட்டியைக் கழுவப் போய்விட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில் என் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "யாருகிட்டயும் சொல்லிடாத புள்ள" என்பதுதான். அது கித்தா விலை விழுந்து கிடந்த காலம். ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். உடம்புக்கு முடியாதவன் என்று தெரிந்தால் முதலில் அவனைத்தான் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவார்கள். ஊர் என்று சொன்னால் எங்களுக்கு அங்கே யார் இருந்தார்கள்? அவர் தவழ்ந்தது இந்த மண்ணில். டிரசரையும் கையெடுத்துக் கும்பிட்டு வாயடைத்துவிட்டு வந்திருந்தார். அக்காவிடமும் சொல்லக் கூடாது என்றார். "அக்காவுக்குத் தெரிஞ்சா ஒப்பாரி வச்சிடும். அது சத்தம் ஆபீசு வரைக்கும் கேக்கும்." அது உண்மைதான். அண்ணி தும்மினாலே அடுத்த லயத்தில் நாய் குரைக்கும்.

ஆகவே சரிவில் இருந்த அவருடைய மரங்களை நான் எடுத்துக்கொண்டேன், என் கீழ் மரங்களை அவருக்குக் கொடுத்தேன். கங்காணி கேட்டதற்கு, மேலே காற்று நன்றாக வருகிறது என்று சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். கள்ளை அவர் விட்டார். புகையிலையையும் விட்டார், நாலு நாள் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துவிட்டு. அதெல்லாம் நடந்தது. உப்புதான் எங்களைக் கொன்றது.

வேறு சனங்களுக்கு இது விளங்காது. எங்கள் சனங்களிடையே உப்பில்லாமல் உலை வைப்பது ஒரே ஒரு வீட்டில்தான். எழவு வீட்டில். பிணம் எடுத்த பிறகு மூன்று நாளைக்கு உப்பு சேர்க்க மாட்டார்கள், தாளிக்க மாட்டார்கள். அந்தச் சோறு தொண்டையில் இறங்க மறுக்கும், மறுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சோறு. உயிரோடு இருக்கிற மனிதனுக்கு, அதுவும் கட்டின புருஷனுக்கு, ஒருத்தி உப்பில்லாமல் வடித்துப் போடுகிறாள் என்றால் அவள் சாவுக்கு வாசலைத் திறந்து வைக்கிறாள் என்று அர்த்தம். இதெல்லாம் தெரிந்துதான் நான் உப்புச் சட்டியைப் பரண் மேல் ஏற்றினேன்.

முதல் நாள் அவர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நான் அதே சட்டியிலிருந்து என் தட்டிலும் போட்டுக்கொண்டேன்.

"நீ ஏன் புள்ள? உனக்கு என்ன கேடு?"

"ரெண்டு ஒலை வைக்க வெறகு யாரு வெட்டிப் போடுறது? பேசாம தின்னுங்க."

விறகு ஒரு சாக்கு. அவர் தனியாகச் சாப்பிட மாட்டார் என்று எனக்குத் தெரியும். எதிரில் ஒருத்தி அதையே தின்றால் கௌரவத்துக்காகவாவது தின்பார். அப்புறம் நானும் பலவிதமாகச் செய்து பார்த்தேன். எலுமிச்சை பிழிந்தேன். பூண்டைச் சுட்டு நசுக்கிப் போட்டேன். மிளகும் சீரகமும் வறுத்துத் தூவினேன், தேங்காய்ப் பால் ஊற்றினேன். முருங்கைக் கீரைக்கு உப்பு அவ்வளவாகத் தேவையில்லை என்பதைக் கண்டுபிடித்தது நான்தான். யாராவது வந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவோம். புருஷனும் பெண்டாட்டியும் எதையோ திருடித் தின்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அதை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அந்த நாட்களை நான் துக்கமாக நினைக்கவே இல்லை. இப்போது நினைத்தால்தான் அழுகை வருகிறது.

குழி நிறைய ஆரம்பித்தது. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து காலை நீட்டுவார், நான் அமுக்கிப் பார்ப்பேன். விரலை எடுத்ததும் தோல் மெல்ல மேலே வரும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. கணுக்கால் எலும்பு மறுபடி தெரிந்தது. ஒரு நாள் அரிசி மூட்டையை மூலைக்குத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்துத் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிழைத்துக்கொள்வார் என்று அன்றைக்கு நிச்சயமாக நம்பினேன்.

பக்கத்து வீட்டுக்காரி குழந்தைக்குக் காய்ச்சல் என்று ரசம் கேட்டு வந்தது அந்தச் சமயத்தில்தான். நான் குளிக்கப் போயிருந்தேன். அவரே மொண்டு கொடுத்துவிட்டார், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர் அல்லவா. அவள் வீட்டுக்குப் போய் வாயில் விட்டுப் பார்த்திருக்கிறாள். அப்படியே வெளியே கொண்டுபோய் ஊற்றியிருக்கிறாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எழவுச் சோறு வடிக்கிறாள் என்றார்கள். பிள்ளை இல்லாதவள், புருஷனையும் அனுப்பப் பார்க்கிறாள் என்றார்கள். கதவைச் சாத்திக்கொள்வது எதற்கு? அவருக்கு உப்பில்லாச் சோற்றைப் போட்டுவிட்டு நான் கருவாட்டுக் குழம்பு தின்கிறேனாம். மேல் சரிவுக்கு நான் ஏறிப் போவதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள், அதை இங்கே எழுத மாட்டேன். ஒரே ஒரு வார்த்தையில் அந்த வாய்களையெல்லாம் மூடியிருக்கலாம். சொன்னால் கப்பல். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு இருக்கிற வாய்க்கு அது சின்னத் தண்டனை இல்லை.

அண்ணி வந்தாள். வாசலில் நின்று கூப்பிடாமல் நேராக அடுப்படிக்கு வந்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் கஞ்சியை எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. மடியிலிருந்து ஒரு கை நிறைய உப்பை எடுத்து உலையில் போட்டாள். அதைக் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"எம் புருஷன் செத்தப்ப நான் தின்ன சோறு இது. இத எந் தம்பிக்குப் போடுறியா? அவன் உசுரோட இருக்கான்டி!"

நான் துணியால் பானையைப் பிடித்து இறக்கி, வாசலுக்குக் கொண்டுபோய், அவ்வளவு சோற்றையும் சாக்கடையில் கொட்டினேன். அரிசிக்குக் கஷ்டப்பட்ட காலம். லயமே வெளியே வந்து நின்று பார்த்தது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு போனாள். அவர் வந்ததும் சொன்னேன், "உங்க அக்காகிட்டயாவது உண்மையச் சொல்லுங்க." அவர் தன் காலைத் தடவிக்கொண்டார். "நான் பாத்துக்கிறேன் புள்ள" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் அமுக்கியபோது குழி கொஞ்சம் நின்றது. அதற்கடுத்த வாரம் இன்னும் நின்றது. நான் என் சமையலில் தப்பு தேடினேன். கீரையிலேயே உப்பு இருக்குமோ என்று கீரையை விட்டேன். தண்ணீரில் இருக்குமோ என்று குழாய்த் தண்ணீரை விட்டு மழைத் தண்ணீரைப் பிடித்துச் சமைத்தேன். அவர் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிடுவார். பசி இல்லை என்பார். வியாதி முற்றியதால் பசி போய்விட்டது என்று நான் பயந்தேன். டிரசர் மருந்தைக் கூட்டினார். "வேற எங்கயாச்சும் சாப்பிடுறாரா?" என்று கேட்டார். "என்னையத் தவிர அவருக்கு யாருங்க?" என்றேன். மூலையில் இருந்த அரிசி மூட்டை மறுபடி சுவரோரம் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் மழை வந்து பால் கெட்டுப்போய், வேலை சீக்கிரம் முடிந்தது. அண்ணி வீட்டு வாசலில் அவருடைய செருப்பைப் பார்த்தேன். கருவாட்டுக் குழம்பின் வாசனை சடக்கு வரைக்கும் வந்தது. கத்திரிக்காய் போட்டு, புளி தூக்கலாகக் கரைத்துவிட்ட குழம்பு. நான் உள்ளே போனபோது அவர் வாழை இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். விரல்களை நக்கிக்கொண்டிருந்தார். அண்ணி எதிரில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பார்த்ததும் அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"எத்தன நாளா?" என்றேன்.

அண்ணிதான் பதில் சொன்னாள். "தெனமும்தான். நீ எழவுச் சோறு போடு. நான் உசுருள்ளவனுக்குப் போடுற சோத்தப் போடுறேன். நீ எழுதி வச்ச விதிய நான் தெனமும் அழிச்சிட்டு வரேன்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். டிரசர் சொன்னது, நெஞ்சு களைத்தது, கப்பல், எல்லாம். அவர் காலைப் பிடித்து இழுத்து அண்ணி கண் முன்னாலேயே கட்டைவிரலை அமுக்கிக் காட்டினேன். குழி விழுந்தது. அப்படியே நின்றது. அண்ணி அதைக் குனிந்து பார்த்தாள். விசிறி கையிலிருந்து விழுந்தது. ஆனாலும் அவள் சொன்னாள், "உப்பில்லாம எவன்டி பொழைச்சான்? ஒடம்புல ஒறைப்பு வேணாமா? டிரசருக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? பாதி நீ ஒலையில கெடுத்த, பாதி அவரு மருந்துல கெடுத்தாரு."

இரண்டு பேரும் கத்தினோம். நடுவில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "ரெண்டு பேரும் நான் சாவக் கூடாதுன்னுதான் சண்ட போடுறீங்க" என்றார். "நான் யாரு சொல்றத மறுக்கிறது?" பிறகு என்னைப் பார்த்து, "அக்கா மனசு நோகும் புள்ள. ஒரு வாய்னுதான் ஒக்காந்தேன்" என்றார்.

என் மனசு? அதை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு அண்ணி கருவாட்டை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்றுதான் சொன்னாள். நான் மரத்துக்குப் போகிற நேரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கூழுக்குக் கருவாடுதான் கூட்டு. அம்மன் கூழை வேண்டாம் என்று சொல்கிறவன் இருக்கிறானா? இவர் இரண்டு சட்டி வாங்கிக் குடித்தார். கோயில் வாசலில் தெரிந்தவர்களுடன் உட்கார்ந்து, பழைய மனுஷராகச் சிரித்துப் பேசிக் குடித்தார். அண்ணி தூரத்திலிருந்து என்னைப் பார்த்தாள், இன்றைக்கு ஒரு நாள் விடு என்கிற மாதிரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வாரம் கூட முழுசாக முடியவில்லை. ஒரு காலையில் பெரட்டுக்கு மணி அடித்தது. நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தேன். அரிசி மூட்டையில் சாய்ந்தபடி வாசல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, கஞ்சி" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. நான் முதலில் கத்தவில்லை. அவர் காலை மடியில் எடுத்து வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று தெரியாது. பழக்கம். குழி விழுந்தது, நான் அது நிறையட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணியின் அலறல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். என் அடுப்பு எரியவில்லை. எங்கள் வழக்கத்தில் செத்தவன் பெண்டாட்டிக்கு முதல் சோற்றை அவன் உடன்பிறந்தவள்தான் கொண்டுவர வேண்டும். மறுநாள் மத்தியானம் அண்ணி கொண்டுவந்தாள். பச்சரிசிச் சோறு, வேகவைத்து மசித்த துவரம்பருப்பு. உப்பில்லாமல் அண்ணி உலை வைத்தது, அவள் புருஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான். லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரசத்தை வெளியே ஊற்றியவளும் இருந்தாள். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பிடி இலையில் வைத்தார்கள், துக்கத்தில் பங்கெடுப்பவர்கள் அதைத் தின்ன வேண்டும்.

ஒருவருக்கும் இறங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டு கண்ணீரோடு கஷ்டப்பட்டு விழுங்கினார்கள். ஒருத்தி முந்தானையில் துப்பினாள். அண்ணி முதல் கவளத்தை வாயில் வைத்தாள், அது அங்கேயே நின்றது. தாடை அசையவில்லை. தம்பி தினமும் என் வீட்டில் என்ன தின்றான் என்று அப்போதுதான் அவள் நாக்குக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

எனக்குப் பசித்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. முதல் நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நான் சோற்றைப் பிசைந்தேன், உருட்டினேன், தின்றேன். இன்னொரு கவளம் எடுத்தேன். என் கை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது வீட்டுச் சோறு. வேறு ருசி எதிர்பார்க்க என் வாய்க்குத் தெரியவில்லை.

சுற்றிலும் சத்தம் நின்றதை நான் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கருவாடு தின்றவளை.

"நீயும் இதையேவா தின்ன?" என்றாள் அண்ணி. குரலே எழும்பவில்லை. தும்மினால் அடுத்த லயத்துக்குக் கேட்கிற அவள் குரல்.

நான் தலையை ஆட்டினேன்.

"இத்தன மாசமுமா?"

"அவரு தனியா சாப்பிட மாட்டாருல்ல அண்ணி."

அவள் எழுந்தாள். எங்கே போகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. என் அடுப்படிக்குப் போய்ப் பரணில் கையை விட்டு, நான் ஏற்றி வைத்த உப்புச் சட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். உப்பு இறுகிக் கட்டியாகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினாள். ஒரு கிழவி, "அடியே, மூணு நாள் ஆவட்டும், எழவு வீடுடீ" என்று கத்தினாள். வழக்கம் வழக்கம் என்று என் உலையில் கை வைத்தவள் அந்தக் கத்தலைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சுரண்டிய உப்பை என் இலை ஓரத்தில் வைத்தாள்.

"போதும்டி" என்றாள். "நீ தின்னது போதும். போட்டுத் தின்னு."

என் முன்னால் மண்டியிட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் அந்த உப்பைப் பார்த்தேன். அவள் முகத்தையும் பார்த்தேன். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவளுக்காகவாவது ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்திருக்கலாம். அவராக இருந்தால் வைத்திருப்பார்.

நான் அதை விரலால் இலைக்கு வெளியே ஒதுக்கினேன்.

"வேணாம் அண்ணி" என்றேன். "எனக்குப் பழகிப் போச்சு."